வல்லை வெளியில் ஒரு புகலிடம்

குளிர்நாடுகளில் வாழும் நம் உறவினர்கள் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அனுப்பும் செய்திகளில் ஒன்று தவறாது இடம்பெறும். அங்கே மரங்கள் செம்மையும் பொன்னிறமும் பூண்டு நிற்கின்றன என்பதும், காற்று வீசுந்தோறும் இலைகள் உதிர்ந்து வீதிகளை மூடுகின்றன என்பதுமே அச்செய்தி. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய இலையுதிர் காலம் இல்லை. வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். பனையின் காவோலையோ பருவம் பார்த்து விழுவதில்லை. ஆயினும் இம்மாதங்களுக்கு நம் முன்னோர் தனிப்பெயர் ஒன்று வைத்திருந்தனர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த அவர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என வழங்கினர்.

கூதிரின் வருகையை நாம் மரத்தைப் பார்த்து அறிவதில்லை; காற்றையும் நீரையும் பார்த்தே அறிகின்றோம். பல மாதங்களாகப் புழுதியை வாரி இறைத்த சோளகம் ஓய்கின்றது. வடகீழ்த் திசையில் முகில் திரள்கின்றது. வாடை வீசத் தொடங்குகின்றது. கோடையில் அடிகண்ட கிணறுகளில் நீர் ஏறுகின்றது. இவற்றோடு இன்னுமோர் அடையாளமும் உண்டு; அதனைக் கவனிப்போர் நம்மிற் சிலரே. இப்பருவத்தில் வானத்து வழியே பெருந்திரளான விருந்தினர் இத்தீவுக்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் தங்கும் இடம் நம் கரவெட்டிக்கு மிக அண்மையில் இருக்கின்றது. அதுவே வல்லை வெளி.

நெல்லியடிச் சந்தியிலிருந்து பருத்தித்துறை வீதிவழியே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்வோர், சில கட்டை தூரத்தில் வீடுகளும் வேலிகளும் முடிந்துபோவதைக் காண்பர். இருமருங்கும் உவர்நிலம், ஆங்காங்கே தரவைப் புல், நடுவே பாலம், பாலத்தின்கீழ் தொண்டைமானாற்று நீரேரி. வடமராட்சியை வலிகாமத்தினின்றும் தென்மராட்சியினின்றும் பிரித்துக் கிடக்கும் இந்நீர், தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தின் அருகே கடலோடு கலக்கின்றது. வல்லை முனியை வணங்கிச் செல்லும் வழக்கம் வாகனம் ஓட்டுவோரிடத்து இன்றும் உண்டு. அதற்கு மேல் அங்கே நின்று பார்க்க என்ன இருக்கின்றது என்பதே பலருடைய எண்ணம். ‘அது வெறும் வெளிதானே’ என்று சொல்லிவிடுகின்றோம்.

இவ்வெண்ணம் வேரூன்றியதற்குக் காரணமும் இல்லாமலில்லை. முற்காலத்தில் காற்றுக்கும் கள்வருக்கும் அஞ்சி அவ்வெளியை விரைந்து கடந்தனர் என்று பெரியோர் கூறுவர். யுத்த ஆண்டுகளிலோ எந்த வெளியிலும் நின்று பார்க்க எவருக்கும் மனம் வந்ததில்லை. உயிரோடு கடந்து மறுகரை சேர்வதே பெரிதாய் இருந்தது. என் வயதினர் அவ்வாறு கடந்து பழகியவர்கள். யுத்தம் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. அச்சம் போனபின்னும் பார்க்காமற் கடக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. நம் பிள்ளைகளும் பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்து, கையிலுள்ள தொலைபேசியைப் பார்த்தபடியே வல்லையைக் கடக்கின்றனர்.

ஊரும் பட்டினமும் சூழ்ந்த இடங்களில் வனவுயிர்களுக்கென ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்தல் உலகெங்கும் காணப்படும் வழக்கம். சென்னை மாநகரின் நடுவே கிண்டியில் ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீற்றர் காடு 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே மேய்கின்றன. கொழும்புக்குத் தெற்கேயுள்ள பெல்லன்வில - அத்திடிய சதுப்புநிலம் 1990ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஸ்காபரோவை அடுத்து ரூஜ் என்னும் ஆற்றுப்பள்ளத்தாக்கு, 2015ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அத்தகைய பூங்காக்களுக்குச் செல்கின்றன; படம் எடுத்து நமக்கும் அனுப்புகின்றன. படங்களைப் பார்த்து நாம் மகிழ்கின்றோம். நம் வாசலில் இருப்பதைப் பார்க்க மட்டும் ஏனோ நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

வல்லை வெளிக்கு அரச வர்த்தமானி அளித்த பூங்காப் பெயர் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை, பார்வைக் கோபுரமும் இல்லை. நம் குடாநாட்டின் தென்கிழக்கேயுள்ள சுண்டிக்குளத்துக்கு அப்பெருமை உண்டு. அது 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூநாரைகளைக் காண விரும்புவோர் அங்கே செல்வர். ஆனால், பறவை வர்த்தமானியைப் படித்துவிட்டு இறங்குவதில்லை. ஆழமற்ற நீர், சேறு, சேற்றினுள் இரை, நெருங்கித் துன்புறுத்தாத மனிதர் ஆகிய நான்கும் எங்கே உளவோ, அங்கே அது இறங்குகின்றது. மழைக்காலத்து வல்லையில் முதல் மூன்றும் இயற்கையாக அமைந்துள்ளன. நான்காவது நம் கையில் இருக்கின்றது.

இவ்விருந்தினர் எங்கிருந்து வருகின்றனர்? நாரைகள் பருவந்தோறும் தெற்குக்கும் வடக்குக்கும் சென்று மீள்வதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர். வறுமையுற்ற சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு நாரையையே வேண்டிக்கொண்டார் அன்றோ? தெற்கே சென்ற பறவை வடக்கே மீளும் என்பதை அறிந்தவர்க்கே அவ்வேண்டுகோள் தோன்றும். இன்று அவ்வழியை விஞ்ஞானிகள் கருவிகொண்டு அளக்கின்றனர். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கடற்காகங்களுக்குச் சிறு கருவி பொருத்தி விட்டனர்; 2021ஆம் ஆண்டளவில் அவற்றுட் சில இந்தியாவையும் நடு ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை சென்றதும், பருவம் மாறியதும் மீண்டும் மன்னாருக்கே வந்ததும் அறியப்பட்டன.

கடற்காகமாவது பெரும் பறவை. நம் வல்லைக்கு வருவனவற்றுள் கொசு உள்ளான் என ஒன்றுண்டு. அதன் நிறை இருபது, முப்பது கிராம் அளவே. கையில் வைத்தால் ஒரு தேசிக்காயின் பாரமும் இராது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை அடுத்த, மரமற்ற பனிவெளிகளில். அங்கே கோடை மிகக் குறுகியது. பகற்பொழுது சுருங்கத் தொடங்கியதும் அது புறப்பட ஆயத்தமாகின்றது. நெடும்பயணம் செய்யும் இவ்வினத்துப் பறவைகள் புறப்படுமுன் இடைவிடாது உண்டு உடலிற் கொழுப்பைச் சேமிக்கின்றன. சிலவற்றின் நிறை ஏறத்தாழ இருமடங்காகி விடுவதும் உண்டு. அக்கொழுப்பே வழிச்சோறு. அது தீருமுன் இறங்கி உண்ண வழிநெடுகச் சேற்றுநிலங்கள் வேண்டும். ஒன்று அழிந்தால் அடுத்ததை அடையும்வரை உயிர் தாங்குமா என்பதே அப்பறவையின் கணக்கு.

அந்நெடுவழி நம் தீவோடு முடிந்துவிடுகின்றது என்பதையும் மாணவர்கள் உலகப் படத்தை விரித்துப் பார்த்து அறிந்துகொள்ளலாம். இலங்கைக்குத் தெற்கே தென்துருவக் கண்டம்வரை கடல் ஒன்றே. ஆகவே, இங்கே வரும் பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இதற்கப்பால் வேறு போக்கிடம் இல்லை. சிலர் நினைப்பதுபோல் அவை வழியில் இளைப்பாறிச் செல்ல வந்தனவல்ல. பங்குனி, சித்திரை வரை இங்கேயே வாழ வந்தனவாகும்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு மாணவ மாணவியர் பதினால்வரை வல்லைக்கு அழைத்துச் சென்றேன். தந்தையர் இருவரும் தாயார் ஒருவரும் துணையாக வந்தனர். எல்லோரும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றோம். ஒரேயொரு தொலைநோக்கி மாத்திரம் எங்களிடம் இருந்தது. அதுவும் இரவலாகப் பெற்றது. முதல்நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தமையால் உவர்நிலமெங்கும் மெல்லிய நீர் பரந்து, வானத்தின் சாம்பல் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு கீழ்க்கரையில் நின்று மேற்கே பார்த்தோம்.

பிள்ளைகள் எதிர்பார்த்தது பூநாரையை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும் என்று படங்களிற் கண்டிருந்தனர். அன்று ஒன்றுகூட இல்லை. அரைமணி நேரம் அவர்கள் முகம் வாடியே இருந்தது. ‘இவை எல்லாம் ஒரே மண்ணிறமாய் இருக்கின்றன’ என்று ஒருவன் முறையிட்டான். ‘ஒரே நிறமாயினும் ஒரே வேலை செய்கின்றனவா என்று பார்’ என்றேன். அதன் பிறகே அவர்கள் உண்மையாகப் பார்க்கத் தொடங்கினர்.

கொசு உள்ளான்கள் நீரின் ஓரத்தில், ஈரச்சேற்றின் மேற்பரப்பை ஊசியால் தைப்பதுபோலக் கொத்தியபடி ஓடின. வளைமூக்கு உள்ளான்கள் சற்றே நீரில் இறங்கி, கீழ்நோக்கி வளைந்த அலகைச் சேற்றினுட் செலுத்தின. கருவால் மூக்கன் இன்னும் ஆழத்தில் நின்று, தன் நீண்ட நேரலகை முகம் நனையுமட்டும் புதைத்தது. அதன் அலகின் நுனியில் தொட்டுணரும் நரம்புகள் உள்ளன. காணாமலே சேற்றுள் அசையும் புழுவை அறியும். பவளக்காலி செந்நிறக் கால்களால் மேலும் ஆழத்தில் நடந்தது. ஊசிவால் வாத்துகள் தலையை நீருட் கவிழ்த்து வாலை வானத்துக்குக் காட்டின. ஆலாக்கள் மேலே வட்டமிட்டு, மீன் கண்டதும் விழுந்தெழுந்தன. ஒரு பந்தியில் ஒருவர் இலையில் மற்றவர் கைவைக்காது உண்பதைப் போல், ஒரே சேற்றை அத்தனை பறவைகளும் அலகின் நீளத்துக்கும் காலின் உயரத்துக்கும் ஏற்பப் பகிர்ந்துகொண்டன. இதனைப் பாடநூலில் ‘வாழிடப் பகிர்வு’ என்று நான் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தது உண்டு. அன்று அச்சொல்லை நான் உச்சரிக்கவே தேவை ஏற்படவில்லை.

வீச்சுவலையுடன் நின்ற முதியவர் ஒருவர் எங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு அருகே வந்து, “பிள்ளையள், உந்தச் சிவத்தக் கால்க் குருவி நிக்கிற இடத்தைப் பாருங்கோ. அங்கை கணுக்காலளவு தண்ணிதான். வலை எறிஞ்சால் சேறுதான் வரும். அங்காலை ஆலா விழுந்து விழுந்து எழும்புது, அங்கைதான் மீன் நிக்குது” என்றார். மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டைத் திறந்து அதை அப்படியே எழுதிக்கொண்டனர். பறவையின் பெயரை நூலிற் கற்ற எங்களுக்கும், பறவையைக்கொண்டு நீரின் ஆழத்தைக் கற்ற அவருக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணியபோது, நம் கல்வி எங்கே இன்னும் செல்லவேண்டியிருக்கின்றது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

வடமாகாணத்து உயர்தர மாணவரெல்லாம் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பெயரை அறிவர். அது நடத்தும் மாதிரிப் பரீட்சைகள் எத்தனையோ பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டு சேர்த்துள்ளன, அத்தொண்டு போற்றத்தக்கது. அப்பெயரில் உள்ள ‘வெளிக்களம்’ என்னும் சொல்லையும் மாணவர்கள் ஒருகணம் சிந்திக்கவேண்டும் என்பதே என் விருப்பம். வினாத்தாளில் விடையெழுதும் உயிரியல், அந்நீரேரியின் கரையில் உயிரோடு நடந்துகொண்டிருக்கின்றது.

திரும்புவதற்கு ஆயத்தமான வேளையில் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், இதுகள் இவ்வளவு நாடு தாண்டி வருதுகள். வரக்கூடாதெண்டு ஒருதரும் மறிக்கிறேல்லையோ?” பிள்ளைகள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. “வானத்தில் மறிப்பார் இல்லை, பிள்ளை. இறங்க இடமில்லாமற் செய்துவிட்டால் அதுவே மறிப்பது” என்றேன்.

அவ்வாறு இடமில்லாமற் செய்யும் வேலை நம் கண்முன்னே நடந்துகொண்டிருப்பதையும் அன்று கண்டோம். வீதியோரத்தில் கோழிக்கழிவு நிறைந்த பைகள் கிடந்தன. பிளாஸ்டிக் போத்தல்கள் நீரின் விளிம்பில் வரிசையாய் ஒதுங்கியிருந்தன. கழிவு கிடக்கும் இடத்துக்குக் காகமும் கட்டாக்காலி நாயும் வரும். வந்த நாய் கழிவோடு நிற்பதில்லை; தரையில் முட்டையிடும் ஆட்காட்டியின் கூட்டையும், இளைத்து இறங்கிய பறவையையும் தேடிச்செல்லும். ஒரு பை கழிவை எறிந்தவர் தாம் எறிந்தது அதுமட்டுமே என எண்ணுவார். சதுப்புநிலத்துக்கு மண்ணடித்து உயர்த்தி நிலமாக்குவோரும் இவ்வாறே எண்ணுகின்றனர். இரவில் வலைகட்டிக் கொக்கும் உள்ளானும் பிடித்துக் கறிவைத்தல் சிறு குற்றமெனக் கருதுவோரும் உளர். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டில் இருந்து வருகின்றது. காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றைக் கொல்லுதலும் பிடித்தலும் சட்டப்படி குற்றம் என்பதைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நன்று.

‘பறவைக்காக மனிதன் நிலத்தை விடவேண்டுமா?’ என்று கேட்போர் உண்டு. அது நியாயமான கேள்வியே. அதற்கு விடையும் நம் கிணற்றிலேயே இருக்கின்றது. நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிக்குள் பெய்து முடிகின்றது. அம்மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் மிதக்கின்றது. நாம் துலாவால் இறைத்ததும், இன்று மோட்டாரால் இறைப்பதும் அப்படையைத்தான். தாழ்நிலங்கள் மழையைச் சிலகாலம் தாங்கி வைத்திருந்தால் நீர் ஊறும். அவற்றை நிரப்பிவிட்டால் நீர் கடலுக்கு ஓடும் அல்லது வீட்டினுட் புகும். 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயல் பெருமழை கொட்டியபோது குடாநாடு பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டோம். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை வகுத்தபோது, ஆனையிறவுக் கடனீரேரியில் சேரும் வெள்ளத்தை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றில் தடுப்புக் கதவுகளால் உவர்நீரைத் தடுப்பதையே கருதினார். பறவைகள் நிற்கும் அந்நீரேரியைத் தான் அவர் நம் கிணறுகளின் காவலாகக் கண்டார்.

இவ்வுண்மையைப் பெருநகரங்கள் துன்பப்பட்டே கற்றுக்கொண்டன. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரந்திருந்தது என்பர். குப்பைமேடும் கட்டடங்களும் வீதிகளும் அதனைத் தின்று, பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைத்துவிட்டன. 2015ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், நீர் தங்கவேண்டிய இடத்திற் கட்டிய வீடுகளுக்குள் நீர் புகுந்தது. பின்பு 2022ஆம் ஆண்டில் அச்சதுப்புநிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கொழும்பும் 2010ஆம் ஆண்டு கார்த்திகை வெள்ளத்திற் பாராளுமன்ற வளவே நீரில் மூழ்கக் கண்டது. அதன் பின்னரே எஞ்சிய சதுப்புநிலங்களைப் பேணும் முயற்சி வலுப்பெற்றது. 2018ஆம் ஆண்டில் உலகின் முதற் பதினெட்டு ராம்சார் ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. இழந்தபின் காக்க முயல்வதிலும், இருக்கும்போதே காத்தல் எளிது, செலவும் குறைவு.

சட்டமும் பட்டமும் இல்லாமலே ஊரார் ஒரு புகலிடத்தைக் காத்து நிற்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் சான்றாகும். அவ்வூர் ஏரியின் மரங்களில் கூடுகட்டும் பறவைகளைக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். ஆங்கிலப் படைவீரர் அங்கே பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தவர் சென்று முறையிட்டு, 1790களில் அம்மாவட்ட அதிகாரியிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். அரசு அதனைச் சரணாலயமாகக் கொண்டது 1936ஆம் ஆண்டில். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தியே ஊர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

புகலிடம் என்னும் சொல்லை வேறெவர் மறந்தாலும் நாம் மறத்தல் ஆகாது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், அக்டோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு மழையிற் புறப்பட்டனர். தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்து சேர்ந்தவர்களுக்கு உற்றாரும் ஊராரும் கதவு திறந்தனர். வீட்டுத் திண்ணைகளிலும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் குடும்பங்கள் தங்கின. அப்போது நாங்கள் பள்ளிச் சிறுவர். ஒரு பானைச் சோற்றை முன்பின் அறியாதவரோடு பகிர்ந்துண்டதை என் வயதினர் இன்றும் சொல்வர். அதன்பின் எத்தனை குடும்பங்கள் கடல் கடந்து, பனிபெய்யும் நாடுகளிற் புகலிடம் கேட்டு நின்றன! இடம் தந்தோரையும் அறிவோம், மறித்தோரையும் அறிவோம். அந்நாடுகளின் வடக்கே பனி உறையும்போது தெற்கே வரும் ஓர் உயிர், நம் ஊரெல்லையில் ஒரு சாண் சேறு கேட்டு இறங்குகின்றது. சோறு கேட்கவில்லை, கூரை கேட்கவில்லை. சந்நிதியில் வருவோர்க்கெல்லாம் அன்னமிடும் முருகனை ‘அன்னதானக் கந்தன்’ எனக் கொண்டாடும் நமக்கு, அவ்வாலயத்தைத் தொட்டுச் செல்லும் நீரில் நாள்தோறும் நடக்கும் இன்னோர் அன்னதானத்தைக் கெடுக்காது விடுதல் பெரிய காரியமன்று.

குடும்பத்தோடு வல்லைக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் ஏற்ற வேளை. வீதியோரத்தில் வாகனங்களுக்கு இடையூறின்றி நின்று பாருங்கள். பறவைகள் தலைநிமிர்ந்து உண்பதை நிறுத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்பது பொருள். கல்லெறிந்து பறக்கவைத்துப் படம் எடுத்தல் வேண்டாம். அது தூர வழியில் அப்பறவை தேடிய கொழுப்பைப் பறிப்பதாகும். கொண்டுசென்ற பையைக் கொண்டுவாருங்கள். இயன்றால் அங்கே கிடக்கும் இன்னொன்றையும் எடுத்துவாருங்கள்.

மாணவர்களே, ஒரு குறிப்பேடு வையுங்கள். திகதி, காற்றின் திசை, நீரின் மட்டம், பறவையின் பெயர், தொகை ஆகிய ஐந்தும் போதும். பெருங்கூட்டத்தை எண்ணுவது கடினமென்று அஞ்சவேண்டாம். முதலிற் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றதெனக் கண்ணால் அளந்து, கூட்டம் முழுவதிலும் அத்தகைய பத்துகள் எத்தனை எனக் கணியுங்கள். 1987ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுதோறும் தை மாதத்தில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இத்தகைய எளிய எண்ணலையே அடிப்படையாகக் கொண்டது. ஓர் ஊர்ப் பாடசாலையின் பத்தாண்டுக் குறிப்பேடு, நாளை அந்நிலத்தைக் காக்க வாதிடுவோர் கையில் வலிய சான்றாகும்.

வல்லைவரை செல்ல இயலாத முதியோரும் தாய்மாரும் தம் வளவையே பார்க்கலாம். இந்தியாவிலிருந்து இப்பருவத்தில் வரும் ஆறுமணிக் குருவி, கரவெட்டியின் மாமர நிழலிலும் வேலியோரச் சருகிலும் புழு தேடித் திரியும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதாலேயே அதற்கு அப்பெயர். வந்த களைப்பில் சிலவேளை வீட்டினுள்ளும் புகுந்துவிடும். அதனைக் கண்டால் பூனையை விலக்கி, ஓர் இருண்ட மூலையில் சிறிதுநேரம் இளைப்பாறவிட்டு, வெளியே விடுங்கள். வளவின் மூலையிற் சிறிது சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டுவைத்தால் அதற்கு அதுவே விருந்து.

இவ்வாண்டும் வாடை எழுந்துவிட்டது. வல்லையில் நீர் பரந்துவிட்டது. அடுத்தமுறை அவ்வழியே செல்கையில், பேருந்தில் இருந்தபடியேனும் பிள்ளையின் தோளைத் தொட்டு அந்நீர்ப்பரப்பைக் காட்டுங்கள். அங்கே நிற்பவை எங்கிருந்து வந்தன என்று சொல்லுங்கள். அவ்வாறு ஒருமுறை கேட்ட பிள்ளை, அந்த இடத்தை வெறும் வெளி என்று பின்பு சொல்லாது.